அம்மாவின் முட்டிக்கு போன் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள்: ஊசியில் போடும் கதிர் மருந்து ஜவ்வைக் காட்டுமா?

சென்னிமலைத் தறி எழுதியது:

வணக்கம்ங்க. எங்கள் வீடு சென்னிமலைப் பக்கம், கைத்தறி பெட்ஷீட் நெய்கிற வீடு. அம்மாவுக்கு 61 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதித்த கால்கள். வலது முட்டி பத்து வருடமாக வலிக்கிறது. "அது பழகின வலி சாமி, அதுபாட்டுக்குக் கிடக்கட்டும்" என்பார். இப்போது பிரச்சினை இடது முட்டி.

தைப்பூசத்துக்கு வேண்டுதல் என்று மலைக்குப் படி வழியாக ஏறினார். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது பாதியில் இடது முட்டியின் உட்பக்கம் சுருக்கென்று பிடித்திருக்கிறது. அன்றிலிருந்து கால் ஊன்றினால் வலி, ராத்திரி படுத்தாலும் வலி. ஈரோட்டில் எக்ஸ்ரே எடுத்தோம். வலது முட்டியில் தேய்மானம் கிரேடு 2 என்றார்கள். இடதில் பெரிதாக ஒன்றுமில்லையாம். ஆனால் அம்மா அழுவது இடது காலைப் பிடித்துக்கொண்டுதான்.

எம்ஆர்ஐ எடுக்கலாம் என்றால், அம்மாவுக்கு ஒன்பது வருடத்துக்கு முன் பேஸ்மேக்கர் வைத்தது. பழைய மாடல், எம்ஆர்ஐ கூடாது என்று கார்டிலேயே இருக்கிறது. அதனால் கோவை எலும்பு டாக்டர், மூன்று கட்ட போன் ஸ்கேன், கூடவே ஸ்பெக்ட் சிடி என்று எழுதிக் கொடுத்தார். வருகிற புதன்கிழமை தேதி.

இதில் என்ன ஆச்சென்றால், பக்கத்து வீட்டு அத்தை வந்து, "அணு மருந்தை ஊசியில ஏத்துவாங்களாமே, அது புத்துநோய்க்குத்தானே எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்று நினைக்கிறார். தங்கைக்கு ஏழாம் மாதம், வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு விருந்து வைத்திருக்கிறோம். புதன்கிழமை கதிர் மருந்து ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை அம்மா அவள் பக்கத்தில் உட்காரலாமா?

இன்னொன்று, எனக்கே புரியாதது. ஜவ்வு தேய்ந்ததா இல்லையா என்பதுதானே கேள்வி. போன் ஸ்கேன் என்றால் எலும்பைத்தானே காட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவானிக்கரை எழுதியது:

தம்பி, நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் குதிகாலுக்கு இதே ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கும் புற்றுநோய் இல்லை. கையில் ஒரு ஊசி, அவ்வளவுதான் வலி. ஊசி போடும்போதே முதல் படம். அப்புறம் மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். தண்ணீர் நிறையக் குடி, அடிக்கடி ஒண்ணுக்குப் போ என்றார்கள். பிறகு ஒரு மேசையில் அசையாமல் படுக்க வேண்டும். முதுகுவலிக்காரர் என்றால் அது ஒன்றுதான் சிரமம். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். அம்மாவுக்குத் துணையாக ஒருவர் போங்கள். கர்ப்பமாக இருக்கிற தங்கையைக் கூட்டிப் போக வேண்டாம்.

காமா அறை எழுதியது:

தம்பி, நான் கோவையில் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியன். பதினான்கு வருடமாக இந்த ஊசியைத் தயாரிக்கிறேன், இந்தப் படத்தை எடுக்கிறேன். உங்கள் அம்மா மாதிரி பயந்த முகத்தோடு வராத ஆளை நான் பார்த்ததே குறைவு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். இது புற்றுநோய்க்கு மட்டும் எடுக்கும் ஸ்கேன் இல்லை. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் இதையே எடுக்கிறோம், அத்தை சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாத மயிரிழை முறிவு, எலும்பில் கிருமி, வாத வீக்கம், ஓட்டக்காரர்களின் கால் எலும்பு வலி, மாற்று மூட்டு வைத்த பிறகும் தீராத வலி, எல்லாவற்றுக்கும் இதே ஊசிதான். "பேஸ்மேக்கர் இருக்கிறதால அந்த மெஷின்ல படுக்க முடியாதும்மா, அதுக்குப் பதிலா இது" என்று அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். அதுதான் உண்மையும்.

இனி ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பது. டெக்னீசியம் என்ற தனிமத்தின் 99எம் என்கிற வகை. அந்தத் தனிமம் 1937ல் இத்தாலியில் பலெர்மோவில் செக்ரே, பெரியர் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அதுதான். எங்களுக்கு அது நேரடியாக வராது. மாலிப்டினம் 99 அடைத்த, ஈயக் கவசம் போட்ட ஒரு சின்ன பெட்டி வரும். மாலிப்டினம் தானாகச் சிதைந்து டெக்னீசியமாகிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புநீரை அதன் வழியாக விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து இறங்கும். அடுத்த நாள் காலைக்குள் மறுபடி ஊறிவிடும். இதை நாங்கள் "கறக்கிறது" என்றுதான் சொல்வோம், உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற விடிகாலையில் மாடு கறந்த கை இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இந்த அறை அந்நியமாகத் தெரியவில்லை.

கறந்த டெக்னீசியத்தை எம்டிபி என்ற மருந்தோடு கலக்கிறோம். அது பாஸ்பேட்டின் உறவுக்காரப் பொருள். எலும்பில் புதிதாகச் சுண்ணாம்புத் தாது படிகிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் எலும்பு தன்னைத் தானே பழுது பார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கே கூடுதலாக ஒட்டும். டெக்னீசியத்தின் வேலை அந்த இடத்திலிருந்து காமா கதிர் அனுப்பி விலாசம் சொல்வது மட்டும்தான். கேமரா கதிர் எதையும் அனுப்பாது. கதிர் வருவது உங்கள் அம்மாவிடமிருந்து, கேமரா அதை வாங்கிக்கொள்கிறது. கூடவே எடுக்கும் சிடி ஸ்கேனில் மட்டும் எக்ஸ்ரே கதிர் கொஞ்சம் உண்டு.

பெரியவர்களுக்கு வழக்கமாக 20 மில்லிக்யூரி அளவு போடுகிறோம். கேட்கப் பெரிதாக இருக்கும். அதில் உள்ள டெக்னீசியம் 99எம்மின் எடையைக் கணக்குப் போட்டால் ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் நான்கு பங்குதான் வரும். உடம்புக்குக் கிடைக்கும் கதிர் அளவு சுமார் 4 மில்லிசீவர்ட். மண், காற்று, ஆகாயம், சாப்பாடு வழியாக நாம் எல்லோரும் சும்மா இருந்தே வாங்கிக்கொள்வது உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4. அதாவது ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் கூட.

தங்கை விஷயம். டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகும். 12 மணி நேரத்தில் கால். ஒரு நாளில் பதினாறில் ஒன்று. புதன் காலை பத்து மணிக்கு ஊசி போட்டால் வெள்ளி காலை பத்து மணிக்கு 256ல் ஒரு பங்குதான் மிச்சம். அதுவும் சிறுநீரில் ஒன்றும் போகாமல் எல்லாம் உடம்பிலேயே நின்றால். உண்மையில் எலும்பில் ஒட்டாத மீதி முதல் நாளே சிறுநீரில் போய்விடும். கட்டுச்சோறு அன்று அம்மா தாராளமாக மகள் பக்கத்தில் உட்காரட்டும், தன் கையாலேயே சோறு பரிமாறட்டும். புதன் இரவு மட்டும் இருவரும் ஒரே பாயில் படுக்க வேண்டாம். கைக்குழந்தை யாராவது வீட்டில் இருந்தால் அன்று ஒரு நாள் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம். கழிப்பறையில் தண்ணீர் நன்றாக ஊற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பேஸ்மேக்கருக்கு இந்த ஊசியாலும் கேமராவாலும் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் கார்டைக் கையில் கொண்டு வாருங்கள். வழக்கமான மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் சரியான கேள்வி. வேலை முடிந்து இரவு எழுதுகிறேன்.

பெருந்துறை பிசியோ எழுதியது:

அக்கா எழுதும் வரை ஒரு சின்ன விஷயம். "ஜவ்வு" என்று நம் ஊரில் மூன்று வெவ்வேறு சமாச்சாரத்தைச் சொல்கிறோம். எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கிற தசைநார் ஒன்று. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை நிலா மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் ஒன்று. எலும்பு நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு ஒன்று. நாட்டுக்கோழிக் காலைக் கழற்றினால் எலும்பு நுனி வெள்ளையாக, வழுவழு என்று இருக்குமே, அதுதான் மூன்றாவது. "தேய்மானம்" என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எங்களிடம் வருகிறவர்கள் ஜவ்வு கிழிந்தது, ஜவ்வு தேய்ந்தது, ஜவ்வு விலகியது என்று எல்லாம் கலந்து சொல்வார்கள். ரிப்போர்ட் வந்ததும் எது என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஸ்கேன் முடியும் வரை ஒரு ஊன்றுகோல் கொடுங்கள். இடது முட்டி வலித்தால் கோல் வலது கையில். நிறைய பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள்.

காமா அறை எழுதியது:

கோழிக்கால் உதாரணத்துக்கு நன்றி தம்பி, இனி நானும் அதையே சொல்கிறேன்.

சரி, போன் ஸ்கேன் ஜவ்வைக் காட்டுமா? நேரடியாகக் காட்டாது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நாம் போடும் மருந்து ரத்தத்தில் போய் எலும்பில் ஒட்டுவது, குருத்தெலும்பில் அதற்கு ஒட்ட இடமில்லை. ஆரோக்கியமான குருத்தெலும்பு எங்கள் படத்தில் வெறும் இருட்டு.

ஆனால் எக்ஸ்ரேயும் அதைப் பார்ப்பதில்லை என்பதை நிறைய பேர் யோசிப்பதில்லை. எக்ஸ்ரேயில் தெரிவது இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அந்த இடைவெளி குறைந்திருந்தால் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்குச் சொன்ன கிரேடு, 1957ல் கெல்க்ரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த அளவு. பூஜ்ஜியத்திலிருந்து நான்கு வரை. அது ஏற்கனவே நடந்து முடிந்த சேதத்தைச் சொல்லும். இன்று அந்த மூட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. பத்து வருடப் பழைய தேய்மானம் அமைதியாக இருக்கலாம், நேற்று வந்த வலி எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். உங்கள் அம்மாவின் வலது கால், இடது கால் கதை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குருத்தெலும்புக்குக் கீழே இருக்கும் எலும்பு, மேலே உள்ள போர்வை பலவீனமானால் சும்மா இருக்காது. பாரம் கூடும்போது அது தன்னைத் திருத்தி எழுப்ப ஆரம்பிக்கும். அதைத்தான் நாம் படமெடுக்கிறோம். 1993ல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். தேய்மானம் உள்ளவர்களின் முட்டிகளுக்கு போன் ஸ்கேன் எடுத்துவிட்டு ஐந்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் ஸ்கேனில் எதுவும் தெரியாத 55 முட்டிகளில் ஒன்றில்கூட நோய் முன்னேறவில்லை. பலமாகத் தெரிந்த 32ல் 28 மோசமானது. எலும்பின் ஒளி, ஜவ்வின் எதிர்காலத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது என்று அதைப் படித்தபோது நினைத்தேன். நான் அன்றாடம் எடுக்கும் படத்தின் மேல் எனக்கு மரியாதை கூடிய நாள் அது.

மூன்று கட்டம் எதற்கு என்றால், முதல் ஒரு நிமிடம் ரத்தம் அந்த முட்டிக்கு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கிறோம். அடுத்த சில நிமிடங்களில் ரத்தம் எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்க்கிறோம். மூட்டு உறை வீங்கிய வாதநோய் என்றால் இந்த இரண்டாவது படத்திலேயே முட்டி முழுக்கப் பளிச்சென்று தெரியும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து எலும்பு. சாதாரணப் படம் தட்டையாக இருக்கும், ஆகவே ஸ்பெக்ட் சிடியில் கேமரா காலைச் சுற்றி வந்து, ஒளி எந்த எலும்பில், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் என்று காட்டும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. குருத்தெலும்பையே தேடிப் போகும் டிரேசர், அதாவது விலாசம் சொல்லும் கதிர் மருந்து, உண்டா என்றால், உண்டு, ஆராய்ச்சி நிலையில். குருத்தெலும்பில் அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறு நிறைந்திருக்கிறது. அதன் மேல் முழுக்க எதிர்மின் சுமை. அந்தச் சுமைதான் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைக்கிறது, நாம் நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி எழுவது அதனால்தான். தேய்மானம் தொடங்கும்போது முதலில் கரைந்து போவது இந்த அக்ரிகான். போர்வையின் தடிமன் குறைவது பிற்பாடு. அப்படியானால் நேர்மின் சுமை கொண்ட ஒரு பொருளில் டெக்னீசியத்தை ஏற்றி அனுப்பினால் அது அக்ரிகான் இருக்கும் இடத்துக்குப் போய் ஒட்ட வேண்டும் அல்லவா? பிரான்ஸ் நாட்டில் கிளெர்மோன் பெரானில் இதைச் செய்தார்கள். அந்தப் பொருளுக்கு என்டிபி 15-5 என்று பெயர். வயதானால் தானாகவே முட்டித் தேய்மானம் வரும் கினிப்பன்றிகளில் சோதித்துப் பார்த்தார்கள், மூட்டுக் குருத்தெலும்பு படத்தில் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள், இது நம் ஸ்கேனுக்கு நேர்மாறு. நம் படத்தில் நோயுள்ள இடம் பளிச்சென்று இருக்கும். அதில் அக்ரிகான் கரைந்த இடம் மங்க வேண்டும். இருட்டைத் தேட வேண்டும்.

அதில் ஒரு கஷ்டமும் உண்டு, படம் எடுக்கும் ஆளாக எனக்கு அது நன்றாகத் தெரியும். முட்டிக் குருத்தெலும்பு 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். எங்கள் கேமராவால் அதைவிட அதிக இடைவெளி இருந்தால்தான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியும். தொடை எலும்பின் போர்வை எது, கீழ்க்கால் எலும்பின் போர்வை எது என்று பிரித்துச் சொல்வது சிரமம். எம்ஆர்ஐ இந்த விஷயத்தில் பல படி மேல். குருத்தெலும்பையே பார்க்கும், அதிலும் காடோலினியம் மருந்து போட்டு அதே மின் சுமையை வைத்து அளக்கும் முறையும் உண்டு. பேஸ்மேக்கர் இல்லையென்றால் உங்கள் டாக்டர் அதைத்தான் எழுதியிருப்பார். இருந்தாலும், எம்ஆர்ஐக்குள் போக முடியாத ஒரு தறிக்கார அம்மாவின் குருத்தெலும்பை ஒரே ஊசியில் பார்க்கும் நாள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

புதன்கிழமை அம்மாவைக் கூட்டி வருபவரிடம் பழைய எக்ஸ்ரே, சர்க்கரை, பிரஷர் சீட்டு எல்லாம் கொடுத்து விடுங்கள். படியில் பிடித்தது எந்த இடம் என்று அம்மா ஒரு விரலால் காட்டட்டும். அந்தப் புள்ளி எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

சென்னிமலைத் தறி எழுதியது:

அக்கா, பிசியோ அண்ணா, பவானி ஐயா, எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். மாடு கறக்கிற இடம் வந்ததும், "அந்தப் புள்ளையும் நம்மளாட்ட தான்" என்றார். அன்று ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டார். புதன்கிழமை காலை ஆறு மணி பஸ். ஊசி, காத்திருப்பு, படம் எல்லாம் பவானி ஐயா சொன்ன மாதிரிதான். டெக்னீஷியன் கேட்டபோது அம்மா ஒரு விரலால் இடது முட்டியின் உட்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

ரிப்போர்ட்டில், வலது முட்டியில் மூட்டு ஓரங்களில் லேசாகத்தான் இருக்கிறதாம், பழைய தேய்மானம். இடது முட்டியில் தொடை எலும்பின் உட்பக்கக் குமிழில், குருத்தெலும்புக்குச் சரியாகக் கீழே, ஒரே இடத்தில் பலமாக ஒளி. மூன்று கட்டத்திலும் தெரிந்தது. அம்மா விரல் வைத்த அதே இடம். வாத வீக்கம் மாதிரி முட்டி முழுக்கப் பரவவில்லை. வேறு எங்கும் எலும்பில் ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தது, அந்த வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன்.

டாக்டர் சொன்னது: பலம் குறைந்த எலும்பில், பாரம் தாங்காமல் குருத்தெலும்புக்கு அடியில் விழுந்த நுண்ணிய முறிவு. இப்போதே பாரத்தைக் குறைத்தால் எலும்பு கூடிக்கொள்ளும், கவனிக்காமல் விட்டால் அந்த இடம் அமுங்கி மேலே இருக்கும் குருத்தெலும்பும் கூடவே போய்விடும். ரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைவு. நாள் முழுக்கத் தறிக்கூரைக்குள் உட்கார்ந்தவருக்கு வெயில் எங்கே. மாத்திரை கொடுத்திருக்கிறார். எட்டு வாரம் மிதி கூடாது, படி கூடாது. கோல் வலது கையில்.

கட்டுச்சோறு நன்றாக நடந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தங்கைக்குப் பரிமாறினார்.

தறியில் பாதி நெய்த பெட்ஷீட் பாவோடு அப்படியே நிற்கிறது. அதை ராத்திரியில் நான் முடித்துக்கொள்கிறேன். அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. காலை நீட்டி வைத்துக்கொண்டு ராட்டையில் நூலைத் தார் சுற்றுகிறார். அது கூடுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பெருந்துறை பிசியோ எழுதியது:

தார் சுற்றலாம். தரையில் வேண்டாம், உட்கார்ந்து எழும்போதுதான் முட்டிக்குப் பாரம். உயரமான பெஞ்சில் ராட்டையை வைத்துக் கொடுங்கள். தொடைத்தசையை இறுக்கி விடும் பயிற்சியைக் காலை நீட்டியபடியே தினம் மூன்று வேளை செய்யலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

காமா அறை எழுதியது:

தம்பி, வாசித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டோடு படங்களைப் பதிந்த ஒரு சிடி தட்டு கொடுத்திருப்பார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வலி தீராமல் டாக்டர் மறுபடி ஸ்கேன் கேட்டால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அந்த ஒளி குறைந்ததா என்று சொல்ல முடியும். பேஸ்மேக்கர் கார்டு இருக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள்.